தவறிப்போன ஞானப்பூ

மார்ச் 3, திங்கள்
என்ன நோட்டே, சௌக்கியமா? இரண்டு நாளாய் உன்னைத் தொடவில்லை, கோபிக்காதே. இந்த அமெரிக்க ரிச்சர்ட்சன் ஊரில் ஒரே காற்று. குப்பைத் தொட்டி பக்கத்து வீட்டு வாசல் வரை ஓடிவிட்டது. இழுத்து வந்தேன். அந்த வீட்டு நாய்க்கு ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு. அது பெரிய கதை, இருக்கட்டும்.

மருமகள் ஷீலா நாவலை முடித்துவிட்டாள். இங்கிலீஷில். நாலு வருட உழைப்பு. விக்டோரியா ராணி காலத்து மர்மக் கதையாம். அதில் வருகிறவள் என் தாத்தாவின் அக்கா ஞானப்பூ. மலைமேல் துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்தவள். ஊரில் இருந்தபோது ஷீலாவுக்குப் போனில் அவள் கதையைச் சொன்னவன் நான்தான். பெயரைக்கூட மாற்றவில்லையாம். வெள்ளிக்கிழமை பதிப்பகத்துக்கு அனுப்புகிறாள். பெருமைதான்.

மார்ச் 4, செவ்வாய்
தூறல். முட்டி வலி. எனக்கு இங்கிலீஷ் ஏது? ஷீலாவே கதையைச் சொன்னாள்.

"கடைசில துரையோட கப்பல் ஏறிப் போயிடறா மாமா. அதான் ட்விஸ்ட்."

"எவ?"

"ஞானப்பூதான்."

"கப்பலா? அவ பங்களாவுலயே தவறிட்டாளேம்மா."

"அதான் மாமா! பங்களாவுல தவறிப்போயிட்டான்னு நீங்கதானே சொன்னீங்க. துரையோட தப்பு பண்ணிட்டான்னு."

"ஐயோ, எங்க பக்கம் தவறிட்டான்னா செத்துப்போயிட்டான்னு அர்த்தம்."

ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அவளை என்ன சொல்ல. லேப்டாப்பை மூடினாள். "ஃபோர் இயர்ஸ், மாமா." அவ்வளவுதான்.

மகன் செல்வினுக்கு என் மேல் எரிச்சல். "செத்தான்னு நேரா சொல்லக் கூடாதாப்பா?"

சொந்தக்காரி சாவை யாரடா நேராகச் சொல்வான்?

மார்ச் 5, புதன்
கடையில் வாங்க: தயிர். கொத்தமல்லி. முட்டித் தைலம்.

ஊரில் சித்தப்பா மகன் ஜெபராஜுக்குப் போன். "கல்லறைத் தோட்டத்துல ஞானப்பூ கல்லு எங்கடே இருக்கு?"

"அப்படி ஒரு கல்லே கிடையாதுண்ணே. தாத்தா கல்லு இருக்கு, அவரு தங்கச்சிமாரு கல்லு ரெண்டு இருக்கு. இப்போ எதுக்கு? அமெரிக்காவுல சோலி இல்லையா?"

இப்போது எனக்கே குழப்பம். கதை எனக்கு அப்பா சொன்னது. "எங்க அத்த பங்களாவுல தவறிட்டாடே." மேலே கேட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். ஊர்க் கதையெல்லாம் ஜவ்வாய் இழுக்கிற மனிதர், இதை மட்டும் ஒரே வரியில் முடித்தார். எந்தத் தவறலைச் சொன்னார்? சாவா, மற்றதா? நானே இத்தனை வருடமாய் அவளைச் சாகடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேனோ?

மார்ச் 6, வியாழன்
வெயில். ஷீலாவுக்குக் கண் வீங்கியிருக்கிறது.

"மாமா, செத்துட்டான்னு நீங்க ஷ்யூரா சொன்னா கடைசி மூணு சாப்டரைத் தூக்கிடறேன். நாளைக்கு அனுப்பணும். ஒரு வார்த்தை சொல்லுங்க."

சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். செத்தாள் என்றால் குடும்ப மானம் பிழைக்கும், இவள் உழைப்பு போகும். ஓடினாள் என்றால், பாவம், ஒன்றும் செய்யாதவளைப் பழித்தவன் ஆவேன். காலையிலிருந்து இதே கணக்கு. நடுவில் ஒரு நினைப்பு: கப்பல் ஏறியிருந்தால், நான் இத்தனை நாள் நினைத்திருந்தபடி இருபது வயதில் யாருமற்ற பங்களாவில் காய்ச்சலில் கிடந்து அவள் சாகவில்லை. எங்கேயோ ஒரு ஊரில் தலை நரைத்திருப்பாள். இது ஏன் எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியவில்லை.

"மாமா! கீழ வரீங்களா?"

ஷீலாதான். எனக்குத் தெரியாது என்றே சொல்வேன். பெயரை மாற்றிக்கொள் என்பேன். ஆனால் அவளைக் கப்பலிலிருந்து மட்டும் இறக்கிவிடாதே என்பேன்.