பதினான்கு கம்பங்களுக்கும் எண் வேண்டும்

அனுப்புநர்:
லிஃப்ட் பராமரிப்பு மெக்கானிக்,
இரண்டாம் மாடி, பேக்கரிக்கு எதிர்க் கட்டடம்.
(பெயரும் மின் இணைப்பு எண்ணும் இணைப்பில் உள்ள ரசீது நகலில் உள்ளன.)

பெறுநர்:
மேற்பார்வைப் பொறியாளர் அவர்கள்,
மின் விநியோக வட்ட அலுவலகம்.

பொருள்: உலகக் கோப்பையை ஒட்டி எங்கள் தெரு மின் கம்பங்களுக்குத் தேசிய வண்ணம் பூசப்பட்டதில் கம்ப எண்கள் அழிந்தது – ஞாயிற்றுக்கிழமைக்குள் எண்களை மீண்டும் எழுதக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் நாடு முதன்முறையாகக் கால்பந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதும் எங்கள் தெரு ரசிகர் மன்றத்தார் பதினான்கு மின் கம்பங்களுக்கும் அடி முதல் ஆள் உயரத்துக்கு மேல் வரை கொடியின் வண்ணங்களை அடித்தார்கள். சுத்தமான வேலை, இரண்டு கோட் எனாமல். கம்ப எண்கள் அதற்கு அடியில் போய்விட்டன. அன்று ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. எனக்கும்தான். வேலையில் ஒவ்வொரு மோட்டாரின் எண்ணையும் குறித்து வைக்கும் நான், என் வீட்டு வாசல் கம்பத்தின் எண்ணைக் குறித்து வைக்கவில்லை.

2. என் அப்பா ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். நுரையீரல் நோயாளி. மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் இயந்திரத்தால்தான் மூச்சு விடுகிறார். மருத்துவர் சான்று இணைத்துள்ளேன்.

3. கடந்த திங்கள் பிற்பகல், காலிறுதி ஆட்டம் தொடங்கவிருந்தபோது, 3.10க்கு மின்சாரம் போனது. உங்கள் புகார் மையத்தை அழைத்தேன். இணைப்பு எண்ணைச் சொன்னேன். அது வீட்டுக்குள் பழுது என்றால்தான் செல்லுமாம். தெருவில் பழுது என்றால் கம்ப எண் வேண்டுமாம். "நம்பர் போடாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது சார்" என்றார் அழைப்பை எடுத்த பெண். மூன்று முறை அழைத்தேன், மூன்று முறையும் அதே பதில். கம்பத்தின் நிறத்தைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

4. பைக்கில் பிரிவு அலுவலகத்துக்குப் போய் லைன்மேனைக் கையோடு அழைத்து வந்தேன். அவர் மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. "தம்பி, எல்லாம் ஒரே மாதிரி நிக்குது, நான் எதுல ஏறுறது?" என்றார். அவர் மேல் தவறில்லை. கம்பம் கம்பமாக ஏறி இறங்கினார். ஐந்தாவது கம்பத்தில் ஃபியூஸ் போயிருந்தது. மின்சாரம் வந்தது 6 மணிக்கு.

5. இதற்கிடையில் வீட்டில் நடந்தது: இன்வெர்ட்டர் 4.40க்கு நின்றது. கைவசம் இருந்த சிறிய சிலிண்டர் 5.30க்குத் தீர்ந்தது. தெருவில் இருந்தவர்களுக்கு மின்சாரம் போனதே தெரியாது, அவர்களின் பெரிய திரை ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பால்கனியில் நின்று கத்தியது அந்த ஆரவாரத்தில் கேட்கவில்லை. கேட்டபோது 5.42. விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவு 79 என்று காட்டியது. 90க்குக் கீழே போனாலே ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

6. ஒன்றை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். மன்றத்தின் தலைவர், தெரு முழுக்க "ஆஃப்சைடு" என்று அழைக்கும் சலூன்காரர், கூடுதல் நேர ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே திரையை அணைத்துவிட்டு, ஜெனரேட்டர் வயரை எங்கள் இரண்டாம் மாடிக்கு ஏற்றினார். வெற்றி கோலை எங்கள் தெருவில் ஒருவரும் பார்க்கவில்லை. அப்பாவுக்குப் பேச்சு வந்ததும் முதலில் கேட்டது, "ஸ்கோர் என்னடா?"

7. மறுநாள் வாசல் கம்பத்தின் எண்ணைக் கண்டுபிடிக்கத் தின்னர் ஊற்றித் துடைத்தேன். கொடி வண்ணத்தோடு அடியிலிருந்த எண்ணும் கரைந்து வந்துவிட்டது. எந்தப் பெயின்டுக்கு எது கரைப்பான் என்று படித்தவன் நான். அவசரத்தில் செய்த மடத்தனம். அதை யாரோ படமெடுத்துப் பரப்பினார்கள். "உங்கப்பாவுக்காகக் கோலையே விட்டோம், நீ கொடியைச் சுரண்டுறியா? நீ எந்த நாட்டுக்காரன்?" என்று ஆஃப்சைடு அண்ணன் கேட்டார். தேசிய வண்ணத்தை அவமதித்ததாகக் காவல் நிலையத்தில் என் மேல் புகார் இருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

8. புதனன்று பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரைப் பார்த்தேன். "கொடி கலர் மேல கறுப்பு அடிச்சா நாளைக்கு என் படமும் சுத்தும். கப் முடியட்டும் தம்பி" என்றார். லீக் சுற்றின்போது தான் இதையே கேட்டதற்கு, அது முடியட்டும் என்று சொன்னவரும் இவரேதான் என்று எதிர் பேக்கரிக்காரர் சொல்கிறார். நம் அணி வெல்ல வெல்லத் தேதி தள்ளிப்போகிறது. சிறு வயதிலிருந்து இந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். இப்போது அது தோற்றால் தேவலை என்று நினைக்கிறேன். இந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது எதிரணி இல்லை, உங்கள் துறை.

9. அரையிறுதி வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. இந்த முறை திரை இரண்டு, இரண்டாவது திரை தெரு மின்சாரத்தில் ஓடப்போகிறது. திங்களன்று போன அதே ஃபியூஸில் லைன்மேன் கிடைத்த கம்பியைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார். அது தாங்காது. இது என் அபிப்பிராயமில்லை, கணக்கு. தனித் தாளில் இணைத்துள்ளேன்.

10. எனவே ஞாயிறு நண்பகலுக்குள் பதினான்கு கம்பங்களிலும் எண் எழுதவும், அந்த ஃபியூஸை முறையாக மாற்றவும் உத்தரவிட வேண்டுகிறேன். எண் எழுத உங்கள் ஊழியர்கள் தயங்கினால் அவர்களை வற்புறுத்த வேண்டாம். கம்ப எண் பதிவேடு உங்கள் மேசையில் மட்டுமே இருப்பதாகச் சொன்னார்கள். அதிலிருந்து எங்கள் தெருவின் எண்களை, ரசீது நகலில் குறித்துள்ள என் கைபேசிக்கு அனுப்பினால் போதும். கறுப்புப் பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறேன், நானே எழுதிக்கொள்கிறேன். கொடி மேல் கறுப்பு அடித்தவன் என்ற பெயர் எனக்கே இருக்கட்டும். என் அப்பா ஆட்டத்தைக் கடைசி விசில் வரை பார்க்க வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்துக் கைபேசியைக் கையிலேயே வைத்திருக்கும்,

(ஒப்பம்)
இரண்டாம் மாடி லிஃப்ட் மெக்கானிக்

இடம்: மேற்படி முகவரி
நாள்: வியாழக்கிழமை, அரையிறுதிக்கு மூன்று நாள் முன்பு

இணைப்பு: மருத்துவர் சான்று, மின் கட்டண ரசீது நகல், ஃபியூஸ் கணக்குத் தாள்.