ஒரு மாதம் வாய் திறக்கக் கூடாது

முதலியார்பேட்டை,
10.3.1958

பூவாயிக்கு,

சேதராப்பட்டில் நீயும் உன் அம்மாவும் சுகம்தானே? பொங்கலுக்கு மறுநாள் நீ கிளம்பிப் போன பிறகு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. தறிக்கூடத்து மேஸ்திரிக்கு அதட்டக் குரல் இல்லையென்றால் எவன் மதிப்பான்? டாக்டரிடம் போனேன்.

அவர் என் நாக்கைத் துணியால் இழுத்துப் பிடித்து, சின்னக் கண்ணாடி ஒன்றை விளக்கில் சூடுகாட்டி உள்ளே விட்டுப் பார்த்தார். குரல் நாண் இரண்டிலும் காய்ப்பு விழுந்திருக்கிறதாம், உள்ளங்கையில் விழுவதுபோல. என்ன வேலை என்று கேட்டார். கட்டின தொண்டையிலும் தறிச் சத்தத்துக்கு மேல் கத்துவதுபோலவே சொன்னேன்.

"இங்க ஏதுய்யா தறி? எதுக்கு இப்படிக் கத்துற? வீட்லயும் இப்படித்தானா?"

ஒரு மாதம் பேசவே கூடாது என்றுவிட்டார்.

குசுகுசுவென்று பேசினால் குற்றமில்லை என்று ஒரு வாரம் ஓட்டினேன். அதுதான் இன்னும் கெடுதல் என்று திட்டு வாங்கினேன். இப்போது எல்லாம் சிலேட்டில்தான்.

நேற்று பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். "வீட்லதான் இருக்கீங்களாண்ணே? சத்தமே காணோம். பூட்டிக்கினு போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

பதினோரு வருஷமாக இந்த வீட்டிலிருந்து அவள் கேட்டது என் சத்தம் ஒன்றைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

குரல் சரியான பிறகு உன்னை அழைக்க வரலாம் என்றிருந்தேன். வேண்டாம். பேசக் கூடாத நாள் இன்னும் பதினெட்டு இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே வருகிறேன். நீ சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்.

சிலேட்டை எடுத்து வர மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்