பெருமாளைத் தாங்கிய எண்மருக்காக

உலகனைத்தும் தாங்கும் திருமாலின் திருவடிகளே சரணம்.

அனுப்புநர்:
கு. திருவேங்கடம்,
சந்நிதித் தெரு, மேனாம்பேடு,
அம்பத்தூர்.

பெறுநர்:
உயர்திரு காவல் துணை ஆணையர் அவர்கள்,
அம்பத்தூர்.

பொருள்: பைக் பந்தயம் விட்ட கார்த்திகேசன் உள்ளிட்ட எட்டு இளைஞர்களிடம் நன்னடத்தைப் பிணை பெறுவதை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருவில் இவர்கள் மாலைதோறும் பந்தயம் விட்டது உண்மை. கோயிலுக்கு விளக்கேற்ற வரும் பெண்கள் தெருவைக் கடக்கவே அஞ்சினர். புகாரில் கையொப்பமிட்டவர்களுள் அடியேனும் ஒருவன். அதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை.

2. இவ்வாண்டுப் புரட்டாசி உற்சவத்தில் பல்லக்குச் சுமக்க வெளியூரிலிருந்து வரவேண்டியவர்கள் வந்து சேரவில்லை. பெருமாளை டிராக்டரில் எழுந்தருளச் செய்வதென முடிவாயிற்று. அப்போது கார்த்திகேசன் பைக்கை நிறுத்திவிட்டு அடியேனிடம் வந்து, "இன்னா தாத்தா, சாமிய லோடு கணக்கா ஏத்திகினு போறீங்க? நாங்க தூக்கமாட்டமா?" என்றான். எண்மரும் கால் கழுவி வந்து தோள் கொடுத்தனர்.

3. உயரம் பார்த்து நிற்க அறியாமல் நெட்டையர் அனைவரும் முன்னே நின்றுவிட, பெருமாள் பின்னே சாய்ந்தார். "டேய் ராகேசு, ஒட்டகச்சிவிங்கி மாரி முன்னாடி நின்னுகினு கீற, பின்னால வாடா! சாமி வானத்த பாக்குது பாரு" என்று ஏசியபடியே இடம் மாறினர். புறப்பட்ட பல்லக்கு மண்டபம் திரும்பும்வரை தரையில் படலாகாது என்பது எங்கள் கோயில் வழக்கம். நடுவழியில் மழை கொட்டியது. குடை பிடித்தவரே ஒதுங்கினர், இவர்கள் ஒதுங்கவில்லை. பேச்சு நின்றது. எண்மர் மூச்சும் ஒன்றாகி, அடிமேல் அடி வைத்து, பெருமாள் அசைந்து அசைந்து வந்தார். கருடனின் சிறகைப் பற்றி வாழ்நாளெல்லாம் பாசுரங்களில் ஓதியவன், அன்று நனைந்த சட்டைகளில் அது படபடக்கக் கண்டு, கைகூப்பவும் மறந்து நின்றேன்.

4. மறுநாளே பழைய புகாரின்பேரில் எண்மருக்கும் பிணை விசாரணைக்கான அழைப்பாணை வந்தது. கார்த்திகேசனின் தந்தை பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஊழியர். மகனுக்கும் அங்கே அப்ரண்டிஸ் இடம் கிடைத்துள்ளது. காவல்துறைச் சரிபார்ப்பில் இந்தப் பிணை தென்பட்டால் அவ்விடம் பறிபோகும். அதன்பின் அவன் மாலைகள் எங்கே கழியும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

5. ஆகவே, பிணைக்குப் பதிலாக இவர்களை எச்சரித்து, பைக்குகளைப் பெற்றோர் பொறுப்பில் விடவும், மாலையில் ஒரு மணி நேரம் எங்கள் தெருவில் வாகனங்களைத் தடுத்து இவர்கள் பல்லக்குத் தண்டு சுமந்து நடை பழக அனுமதிக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். நெமிலிச்சேரியிலிருந்தும் நால்வர் சேரக் கேட்டுள்ளனர். மீண்டும் பந்தயம் நடந்தால் முதல் புகார் அடியேனுடையதாகவே இருக்கும். விசாரணை வரும் வெள்ளியன்று. அதற்குள் தங்கள் ஆணையை எதிர்நோக்குகிறேன்.

தங்கள் இல்லத்தில் நலமும் நிறைவும் குன்றாதிருக்கவும், தங்கள் மக்கள் நீடு வாழவும் திருமகள் நாயகன் அருள்வானாக.

இடம்: மேனாம்பேடு
நாள்: 14.10.2024

தங்கள் உண்மையுள்ள,
கு. திருவேங்கடம்