பூட்டிய கிடங்கில் ஓடிய ஸ்கூட்டர்

அனுப்புநர்:
மின் கணக்கீட்டாளர் (ஓய்வு),
கதவு எண் 7, தரைத்தளம்.

பெறுநர்:
பயணிகள் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
பன்னாட்டு விமான நிலையம்.

பொருள்: வெளிநாட்டுப் பயணத்தின்போது எனது மின் ஸ்கூட்டர் மூன்று நாள் என்னிடம் சேராதது, அதற்குத் தரப்பட்ட விளக்கங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பது, இவை குறித்து விசாரிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினோரு ஆண்டுகளுக்கு முன், மீட்டர் பார்க்கப் போன வீட்டின் மாடிப்படியில் விழுந்ததில் என் இரு கால்களும் வலது தோளும் பழுதாகின. அன்றிலிருந்து நான்கு சக்கர மின் ஸ்கூட்டரில்தான் நடமாடுகிறேன். அது என் வாகனம் அல்ல, என் கால் என்பதைத் தாங்கள் மனத்தில் கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

2. வெளிநாட்டில் வசிக்கும் என் தம்பிக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை அகற்றும் அறுவை சிகிச்சை புதன்கிழமை காலை என்று குறித்திருந்தார்கள். அதற்கு முன் ஒருநாள் முழுக்க அவனோடு உட்கார்ந்து பேசிவிட வேண்டும் என்பதற்காகவே திங்களன்று காலை புறப்பட்டேன். "நீ வர்ற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்க்கா, பேச்ச மிச்சம் வச்சிருக்கேன்" என்று முதல் நாள் போனில் சொல்லியிருந்தான்.

3. விமானத்தின் வாசலில் ஸ்கூட்டரை ஒப்படைத்தபோது, அதன் ஓட்டக் கணக்கு 1312.4 கிலோமீட்டர். படம் எடுத்து வைத்துக்கொண்டேன். முப்பது வருடம் ரீடிங் எடுத்த கை, பழக்கம் விடவில்லை. மாலையில் அங்கே இறங்கியபோது பெட்டி வந்தது, ஸ்கூட்டர் வரவில்லை. அங்கேயே புகார் எழுதிக் கொடுத்தேன்; அன்றிலிருந்து தினமும் தங்கள் நிலையத்துக்குப் போன் செய்து கேட்டேன். அந்த விமான நிலையத்தார் தந்த தள்ளு நாற்காலி வெளிவாசலோடு நின்றுவிட்டது. பயண ஏற்பாட்டாளர் படியே இல்லை என்று எழுதித் தந்த விடுதியில் மூன்று படிகள் இருந்தன. போன் செய்து கேட்டபோது, "மூணே மூணு மேடம், அதெல்லாம் ஒரு படியா?" என்றார். விடுதியின் சமையலறை ஆட்கள் இருவர் என்னை நாற்காலியோடு தூக்கி அறையில் சேர்த்தார்கள்.

4. மருத்துவமனை அங்கிருந்து முக்கால் கிலோமீட்டர்தான். செவ்வாயன்று தங்கள் நிலையத்தின் சரக்கு மேற்பார்வையாளர் என்னை நான்கு முறை அழைத்தார். காலை 8.10, 11.25, பிற்பகல் 2.40, மாலை 5.55. ஒவ்வொரு முறையும் சொன்னது ஒன்றுதான்: "வண்டி வந்துக்கிட்டே இருக்கும்மா. நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கணும். ரூம விட்டு எங்கயும் போயிடாதீங்க." நான் போகவில்லை. கேட்டிருந்தால் அந்தச் சமையலறை ஆட்கள் அன்றே என்னைத் தூக்கிக் காரில் வைத்திருப்பார்கள். அவர் பேச்சை நம்பி, சன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன்.

5. அன்று இரவு போனில் தம்பிதான் எனக்கு ஆறுதல் சொன்னான். "விடுக்கா. சின்ன வயசுல என்னை எங்க பேச விட்ட? இனிமேலும் அதே மாதிரின்னு நெனச்சுக்கோ." நான் சிரித்தேன். புதன் மதியம் அந்தச் சமையலறை ஆட்களே என்னைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்கள். அதற்குள் அவன் கழுத்தில் குழாய் பொருத்தியிருந்தது. மறுநாள் நோட்டில் எழுதிக் காட்டினான். எழுதியதை இம்மனுவில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

6. வியாழனன்று ஸ்கூட்டர் வந்தது. ஓட்டக் கணக்கு 1319.1. இருக்கை இரண்டு துளை கீழே இறக்கப்பட்டிருந்தது. ஸ்பானர் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. வலப்பக்கக் கண்ணாடியைக் கழற்றி இடப்பக்கம் மாட்டியிருந்தார்கள்.

7. ஊர் திரும்பி எழுதிக் கேட்டேன். பாதுகாப்புச் சோதனைக்காக மூன்று நாளும் பூட்டிய கிடங்கில் வைத்திருந்ததாகத் தங்கள் அலுவலகத்தின் முதல் கடிதம் சொல்கிறது. பூட்டிய கிடங்கில் 6.7 கிலோமீட்டர் ஓடியது எப்படி என்று மறுபடி கேட்டேன். தவறுதலாக வேறொரு நகரத்துக்குப் போய்விட்டது என்கிறது இரண்டாம் கடிதம். அதில் உள்ள தேதி, நான் அந்தக் கேள்வியை எழுதியதற்கு மூன்று நாள் முந்தையது. கேட்கும் முன்பே பதில் எழுதும் அலுவலகத்தை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. மீட்டர் பொய் சொல்லாது ஐயா. ரீடிங் எழுதுகிறவர்தான் சொல்வார்.

8. யாரோ ஊழியர்கள் விளையாட்டாக ஓட்டியிருப்பார்கள் என்றே மூன்று வாரம் நினைத்து, முகம் தெரியாத அவர்களை மனத்துக்குள் வைதுகொண்டிருந்தேன். சென்ற வாரம் தங்கள் நிலையத்துக்கு நேரில் வந்து விசாரித்தேன். அங்கே பணிபுரியும் ஒருவர் என் ஸ்கூட்டரை அடையாளம் கண்டுகொண்டார். அவர் ஆணா பெண்ணா என்றுகூட நான் எழுதப்போவதில்லை. அவர் சொன்னது: "வேற நாட்டுக்குப் போக இங்க வந்து விமானம் மாறுற அம்மா ஒருத்தங்க, குள்ளமா இருப்பாங்க, வலது கை வராது. விமானத்துலேர்ந்து இறக்கும்போது அவங்க சக்கர நாற்காலியோட அச்ச எங்க ஆளுங்க முறிச்சுட்டாங்க. புகார் எழுதிடக் கூடாதுன்னு, நாற்காலி சரியாகுற வரைக்கும் இதக் கொடுத்து மேல ஓய்வறையில தங்க வச்சாங்க. மூணாம் நாள் உங்க தொந்தரவு தாங்காம, அவங்கள எறக்கிட்டு இத எடுத்துட்டுப் போயிட்டாங்க."

9. இது உண்மையானால், மேற்பார்வையாளர் என்னை நான்கு முறை அழைத்தபோது ஸ்கூட்டர் எங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரியும். நான் வைததெல்லாம் என்னைப் போன்ற ஒருத்தியைத்தான். அவரை இறக்கிவிட்டது என் புகார்தான் என்பதும் இப்போது எனக்குத் தெரியும்.

ஆகவே, மேற்பார்வையாளரின் அந்த நாள் அழைப்புகளையும், ஓய்வறைப் பதிவேட்டையும், கண்காணிப்புக் கேமராப் பதிவுகளையும், அவை "தானாக அழிந்துபோகும்" முன் கைப்பற்றி விசாரிக்க வேண்டுகிறேன். எனக்குத் தகவல் சொன்னவரைத் தேடக் கூடாது. வருத்தக் கடிதமோ இலவசப் பயணச்சீட்டோ அனுப்ப வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுவேன். இம்மனுவின் நகல்கள் மூன்று பேரிடம் இருக்கின்றன. யாரிடம் என்பதைத் தாங்கள் அறிய வேண்டியதில்லை.

எனக்கு எழுத்தில் வேண்டிய பதில் ஒன்றே ஒன்று. என் ஸ்கூட்டரிலிருந்து இறக்கப்பட்ட அந்த அம்மையார் அதன்பின் எதில் உட்கார்ந்து, எப்படி ஊர் போய்ச் சேர்ந்தார்? போய்ச் சேர்ந்தாரா?

நாள்: 18.06.2024
இடம்: மேற்கண்ட முகவரி

பதில் வரும்வரை வாரந்தோறும் நேரில் வரவிருக்கும்,
(ஒப்பம்)
மின் கணக்கீட்டாளர் (ஓய்வு)

இணைப்பு: ஓட்டக் கணக்கின் படங்கள் இரண்டு, தங்கள் அலுவலகக் கடிதங்களின் நகல் இரண்டு. அசல்கள் என்னிடமே இருக்கும்.