ஐம்பத்தைந்து நிமிடம்

ஜூன் 3

அப்பாவுக்கு,

நாங்கள் நலம்.

அடுத்த மாதம் என் வீட்டுக்காரருக்குக் கடல் தாண்டி வேலை மாற்றல். அங்கிருந்து உங்கள் ஊருக்கு இரண்டு விமானம் மாறி, ஒரு பகல் முழுக்கப் பயணம். இங்கிருந்து முந்நூற்று எழுபது கிலோமீட்டர்தான், ஐம்பத்தைந்து நிமிடம். தினமும் அந்த விமானத்துக்குக் கவுண்டரில் போர்டிங் பாஸ் கொடுப்பதே நான்தான். என் கல்யாணம் முடிந்து ஐந்து வருடமாக நானும் அதில் ஏறவில்லை, நீங்களும் அதில் வந்து இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள், "காய்ச்சல்மா, எழுந்திரிக்கவே முடியல" என்று போனில் சொன்னீர்கள். அதற்கு முன்பே எங்கள் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டேன். நீங்கள் போர்டிங் பாஸ் வாங்கியிருந்தீர்கள். விமானம் வரை வந்து திரும்பியிருக்கிறீர்கள். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்றால் முன்பே சொல்லியிருக்கலாமே அப்பா?

போவதற்குள் இதைக் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. கேட்டுவிட்டேன்.

மகள்.


ஜூன் 11

என் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது.

மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. சத்தியமாக இல்லை.

விமானப் படிக்கட்டில் நாலு படி ஏறினேன். அதற்கு மேல் கால் எழவில்லை. வியர்வையில் சட்டை தெப்பமாக நனைந்துவிட்டது. பின்னால் நின்றவர், "ஏறுங்க சார், எல்லாரும் நிக்கிறோம்ல" என்றார். மேலே நின்ற பணிப்பெண், உன் வயசுதான் இருக்கும், "முதல் தடவையாப்பா?" என்று சிரித்துக்கொண்டே கை நீட்டினாள். பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "பர்ஸை மறந்துட்டேன்மா" என்று இறங்கி வந்துவிட்டேன்.

முப்பது வருடம் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஓட்டியவன். ஐம்பது பேர் என்னை நம்பித் தூங்கிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்டவன் பயந்துவிட்டான் என்று உன்னிடம் எப்படிச் சொல்வது?

நேரே பஸ் நிலையத்துக்கு ஓடினேன். மலைச்சாலை சரிந்து கிடக்கிறது, நாலு நாளாகும் என்றார்கள். மறுநாள் உன் கல்யாண நேரத்துக்கு, டிப்போவில் நின்ற ஒரு பழைய பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தேன். புதுச் சட்டைதான் போட்டிருந்தேன்.

சாலை சரியான பிறகாவது வந்திருக்கலாம். எந்த முகத்தோடு வருவது என்று யோசித்தே ஐந்து வருடம் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான் குட்டிம்மா.

அப்பா.


ஜூன் 19

அன்புள்ள அப்பா,

கடிதத்தைக் கவுண்டரில் வைத்துப் பிரித்திருக்கக் கூடாது. வரிசையில் நின்ற பயணி பயந்துபோய், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார்.

பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைக்கே நான் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். நானும் அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், ஐந்து வருடமும் இவரிடம் உங்களைப் பற்றி என்னென்னவோ பேசிவிட்டேன். நேற்று உங்கள் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அஞ்சு வருஷம் அந்த மனுஷனைத் திட்டிட்டேனே" என்றார்.

வியாழக்கிழமை காலை விமானத்தில் என் பையனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். லீவு ஒரு நாள்தான் கிடைத்தது; சாயங்காலமே திரும்ப வேண்டும்.

"யார் வீட்டுக்கும்மா போறோம்?" என்று நேற்றிலிருந்து நச்சரிக்கிறான். தாத்தா இல்லை என்று அவனுக்குச் சொல்லி வைத்திருப்பவள் நான். இப்போது என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நீங்களே அவனிடம் சொல்லுங்கள் அப்பா.

குட்டிம்மா.