நீ எனக்காக நிறுத்திய இடம்

என் பேச்சையெல்லாம் கேட்டுச் சலித்த என் ஸ்டெல்லாவுக்கு,

முதலில் ஊர்ச் செய்தி. எதிர்வீட்டு அண்ணாச்சி தலைக்கு மை பூச ஆரம்பித்திருக்கிறார். காதோரத்தை மட்டும் மறந்துவிடுகிறார். இதைக் கேட்டால் நீ உதட்டைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய், அங்கே நின்று சிரிப்பாய். இப்போதும் சொல்லிவிட்டு அந்தப் பக்கமாகக் காது வைக்கிறேன். குக்கர்கூட பேச மாட்டேன் என்கிறது.

உன் கீபோர்டை விளாத்திகுளம் பக்கம் நீ பிறந்த ஊர்க் கோயிலுக்குக் கொடுக்கச் சொன்னாயே, வரும் ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டு வருகிறார்கள். கொடுத்துவிடுவேன். ஆனால் அதன் மெமரியில் நீ வாசித்துப் பதிந்த பாட்டு ஒன்று இருக்கிறது. அங்கே யாராவது தெரியாமல் அழித்துவிட்டால்? உன் விரல் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளாமல் அனுப்ப எனக்கு மனசில்லை.

அதற்கு மிடி வயர் என்று ஒன்று வேண்டுமாம். கடைக்காரத் தம்பியிடம் போனேன்.

"எதுக்கு அண்ணாச்சி, டிவிக்கா?"

"இல்ல தம்பி, பொண்டாட்டிய கம்ப்யூட்டர்ல ஏத்தணும்."

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு மதுரைக்குப் போன் போட்டு வயரை வரவழைத்தான். என் நகைச்சுவைக்கு இப்போது ஊரில் இதுதான் மரியாதை.

வயரின் ஒரு முனை கம்ப்யூட்டருக்கு. மறுமுனையில் இரண்டு வால். ஒன்றில் 'இன்', இன்னொன்றில் 'அவுட்' என்று எழுதியிருந்தது. கீபோர்டின் முதுகிலும் அதே பெயரில் இரண்டு ஓட்டை. பெயர் பார்த்துப் பொருத்தமாகச் செருகினேன். சத்தமே இல்லை. பெங்களூரில் இருக்கும் நம் மகளுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன்.

"யப்பா, இன்னுன்னா காது, அவுட்டுன்னா வாய். நீங்க வாயோட வாய வச்சிருக்கீய. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தா யாரு கேக்க?"

"உங்கம்மைக்கு ஏதுட்டி வாய்? வீட்ல வாய் நான்தான."

"அதான், இப்பயாவது காதா இருங்க."

மாற்றிச் செருகினேன். திரையில் சின்னச் சின்னக் கோடுகளாக நீ வந்தாய். மிடி சத்தத்தைக் கடத்தாதாம், ஸ்டெல்லா. எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தினாய், எப்போது விட்டாய் என்று மட்டும் சொல்லுமாம். எந்த வாத்தியத்தில் கேட்பது என்பது நம் இஷ்டம். நான் எதையோ தவறாக அமுக்க, உன் பாட்டு டெலிபோன் மணியாக அடித்தது. போனை எடுக்க எழுந்துவிட்டேன் என்றால் நம்புவாயா?

பாட்டை மகளுக்கும் அனுப்பினேன். கேட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"நாலாவது வரிக்கு முன்னால அம்மா எல்லாச் சரணத்துலயும் தடுமாறியிருக்காவ. தாளம் விட்டுப்போச்சு. ஒரு பட்டனத் தட்டினா கம்ப்யூட்டரே நேராக்கிரும். தட்டட்டா?"

கோடுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு சரணத்திலும் அதே இடத்தில், அதே அளவு வெறுமை. தடுமாறுகிறவள் எல்லாத் தடவையும் ஒரே மாதிரியா தடுமாறுவாள்?

அது என் இடம். கோயில் ஆராதனையில் நீ வாசிக்க, பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று அடிக்குரலில் பாடுகிறவன் நான். மூன்றாவது வரி முடிந்ததும் எனக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் அடுத்த வரியில் டாண் என்று சேர்ந்துவிடுவேன் என்று கழுகுமலை வரைக்கும் பீற்றிக்கொண்டு திரிந்தேனே! நீ நிறுத்திக் காத்திருந்தாயா? ஆளில்லாத வீட்டில் தனியாகப் பதிந்தபோதும் உன் விரல் எனக்காக நின்றதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"நேராக்காதட்டி," என்றேன்.

"ஏன்ப்பா?"

"அது தப்பில்ல. உங்கம்மை என்னைத் தேடுதா."

அவள் அந்தப் பட்டனைத் தட்டாமல் பாட்டை மறுபடி ஓடவிட்டாள். நானும் குறுக்கே பேசாமல் காதாக இருந்தேன். என்னால் முடிந்திருக்கிறது பார்.

ஞாயிறு வரைக்கும் கம்ப்யூட்டரிலிருந்து உன் பாட்டைத் திரும்பக் கீபோர்டுக்கே அனுப்பி வாசிக்க வைக்கிறேன். கட்டைகள் அசைவதில்லை, பாட்டு வருகிறது. அந்த இடம் வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு நுழைகிறேன். முடிந்த பிறகு வீடு இருக்கிற இருப்பைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த இடத்தை யாரையும் அடைக்க விட மாட்டேன், சத்தியம். நீயும் அங்கே கொஞ்சம் நிறுத்தி வை. எப்போதும்போல நான் லேட்டாகத்தான் வருவேன்.

நாலாவது வரிக்கு முன்னால் மூச்சு வாங்கி நிற்கும்,
உன் வீட்டுக்காரன்