பொருந்தாத எல்லைக்கற்கள்

ஜூலை 8

காலையிலேயே பெருமாட்டிக் குழுவின் ஜீப் பஞ்சர். வடகரப்பதியில் ஒரு தென்னந்தோப்புக்காரர் ஆட்களை உள்ளே விடவில்லை. பக்கத்துத் தோப்புக்காரரும் வந்து நின்றால்தான் அளக்க விடுவாராம். அந்தப் பக்கத்துக்காரரோ கோயமுத்தூரில் இருக்கிறார். இரண்டு குழுக்கள் ஒரே கருவியைக் கேட்டுச் சண்டை.

இத்தனை பெரிய நில அளவை நிறுவனத்தில் களக் குழுக்களைப் பார்த்துக்கொள்வது என்றால் அளப்பது இல்லை, போன் எடுப்பது. சித்தூர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு இங்குள்ள குழுக்களையும் இடுக்கி மலைக் குழுக்களையும் ஒரே காதில் வைத்து ஓட்டுகிறேன்.

மாலையில் வரைபடப் பிரிவிலிருந்து செய்தி. இடுக்கி வட்டவடையில் அடுத்தடுத்த இரண்டு பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லையாம். நாளை பார்க்கலாம்.

ஜூலை 10

பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மேல்பகுதியை சுவக்கீன் குழு கோடையில் அளந்தது. கீழ்ப்பகுதியை ஜின்சன் குழு போன வாரம், மழைக்கு நடுவே. நடுவில் இருக்கும் எல்லைக்கற்கள் இரண்டு பகுதிக்கும் பொது. ஜின்சன் அளவில் அந்தக் கற்கள் எல்லாம் ஒரு முழம் கீழே போயிருக்கின்றன. ஒரு கல் தவறினால் கவனக்குறைவு என்று விடலாம். எல்லாக் கல்லுமா? அதுவும் ஒரே பக்கமாகவா?

சுவக்கீனைக் கேட்டேன், சரியாகத்தான் அளந்தேன் என்றார். ஜின்சனைக் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். இருவரும் என்னிடம் பொய் சொல்லி நான் கண்டதில்லை. அப்படியானால்?

ஜூலை 11

திட்டத் தலைவர் மோகனசுந்தரம் சாருக்குக் குழப்பமே இல்லை.

"மழையில யாருங்க சரிவுல எறங்கி அளப்பாங்க? ரூமுல உக்காந்து இஷ்டத்துக்குப் புள்ளி போட்டிருப்பான். ஆளை நிறுத்துங்க கோமதி."

முன்பு வேறொரு குழு லாட்ஜில் உட்கார்ந்து அப்படிச் செய்து பிடிபட்டது உண்மை. ஜின்சனை அழைத்துக் கேட்டேன்.

"ஒவ்வொரு கல்லு மேலயும் கம்பை ஊணி நின்னேன் மேடம். அட்டை கடிச்ச காலு இருக்கு. வேணும்னா படம் எடுத்து அனுப்புதேன்."

ஊருக்குப் போகச் சொல்லிவிட்டேன். மூணாறு எஸ்டேட்டில் அவருடைய அம்மா இருக்கிறார். நான் அவரை நம்பினேனா, நம்பவில்லையா? தெரியவில்லை. தெரியாமலேயே ஒருவரை நிறுத்திவிட்டேன்.

ஜூலை 13

படம் வந்திருக்கிறது. கூட ஒரு வார்த்தை இல்லை. கால் மட்டும்.

ஜூலை 16 – வட்டவடை

நானே கிளம்பி வந்துவிட்டேன். பெரியமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை. ஆட்களை அனுப்புகிறவள் நீ, நீயே எதற்கு மலை ஏறுகிறாய் என்றார். இன்னொரு குழுவை அனுப்பினால் மூன்றாவதாக ஒரு கணக்கு வரும், பிறகு அதையும் யாராவது சந்தேகப்படுவார்கள் என்றேன். கல்யாணம் ஆன நாளாக இப்படித்தான். நான் சொல்வது புரிகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அந்தக் கற்கள் இருக்கும் சரிவு கத்தரீனாள் என்பவருடையது. தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி, ஓய்வு பெற்றபோது கிடைத்ததைப் போட்டு வாங்கிய இடம். கேரட், முட்டைக்கோஸ். இடத்தின் நடுவிலேயே வீடு. அதற்குக் கீழே இன்னும் சில வீடுகள். நான் அளந்து முடிக்கும்வரை கருவிக்குக் குடை பிடித்தார், தனக்குப் பிடித்துக்கொள்ளவில்லை.

என் அளவு சுவக்கீன் அளவோடு ஒட்டவில்லை. சரி. ஜின்சன் அளவோடும் ஒட்டவில்லை! அவருடையதைவிட இன்னும் கீழே. மறுபடி அளந்தேன், அதேதான்.

இப்போது நானும் ரூமில் உட்கார்ந்து புள்ளி போட்டவளா? சிரிப்பு வந்தது. பிறகு அது நின்றுவிட்டது.

ஜூலை 17

ஜின்சனை வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. அடுத்த ஜீப்பில் வந்துவிட்டார்.

இருவரும் சரிவை விட்டுவிட்டு வெளியே உள்ளவற்றை அளந்தோம். மேலே ரோட்டோரப் பாறை, அந்தப் பக்கத்துப் பாலம். கோடையில் சுவக்கீன் அளந்ததற்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. அப்படியானால் கருவி சரி. சுவக்கீன் சரி. ஜின்சன் சரி. நானும் சரி.

ஒரே ஒன்றுதான் மிச்சம். கல்லைச் சுமந்துகொண்டு நிலமே இறங்குகிறது.

கத்தரீனாளிடம் எப்படிச் சொல்வது என்று முழித்தேன். ஜின்சன் சொன்னார். கத்தரீனாள் திரும்பி வீட்டைப் பார்த்தார்.

"அதான் பொறவாசக் கதவு சாத்த மாட்டேங்குதா? மழையில மரம் ஊதிப்போச்சுன்னுல்லா நெனச்சேன்."

ஜின்சனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி மேடம்" என்றார். அந்தச் 'சரி'க்கு என்ன பொருள் என்று இன்னும் விளங்கவில்லை.

ஜூலை 18

மோகனசுந்தரம் சார் முழுவதையும் கேட்டார். பொறுமையாகத்தான்.

"நாம அளக்கறவங்க. மலை சரிஞ்சு உழுகுமா உழுகாதான்னு சொல்றது நம்ம வேலை இல்லீங்க. கோடைக் கணக்கையே வெச்சு ரெண்டையும் ஒட்டி உட்ருங்க."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் சொல்லி ஒன்றும் நடக்காவிட்டால் அந்த நிலத்தை நாளைக்கு யார் வாங்குவார்கள்? சொல்லாமல் விட்டு, ஏதாவது ஆகிவிட்டால் – எழுதக்கூட வரவில்லை. யாரைக் கேட்பது? கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். போன வாரம் முழுக்க அதுதானே நடந்தது?

வில்லேஜ் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். பஞ்சாயத்திலும் சொன்னேன். சாரிடம் கேட்கவில்லை.

ஜூலை 24

சரிவில் இருந்த குடும்பங்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். மழை கொட்டுகிறது. மழை அதிகமானால் பயமாக இருக்கிறது, குறைந்தாலும் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9

மழை விட்டுவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

எல்லாரும் வீடுகளுக்குத் திரும்பிவிட்டார்கள். பாதி கேரட் எடுக்க ஆளில்லாமல் அழுகிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் ஏசுரத்தினம் என் நம்பரை வாங்கி அழைத்துத் திட்டினார். உங்கள் பேச்சைக் கேட்டு மாட்டை அரை விலைக்கு விற்றேன் என்றார். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மலைக் குழுக்களை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இனி சித்தூர்ப் பக்கம் மட்டும். ஜின்சனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், அதுவரை நல்லது.

"நீ பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாமில்ல?" என்றார் பெரியமுத்து. இருந்திருக்கலாமோ?

செப்டம்பர் 7

ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து ஜின்சன் அந்தச் சரிவுக்குப் போய்க் கற்களை அளக்கிறார். யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒரே வார்த்தை அனுப்புவார்: 'அசையல'.

அதைப் படித்ததும் ஒரு நிம்மதி. நிம்மதிக்கு அடியில் வேறொன்று. அசைந்தால் நான் சொன்னது சரி. அசையாவிட்டால் அவர்கள் நன்றாக இருப்பார்கள். இன்று கோயிலில் கைகூப்பி நின்றபோது எதை வேண்டுவது என்று தெரியாமல் வெறுமனே நின்றுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 28

'அசையல'.

அக்டோபர் 19

நாளை தீபாவளி. மாவு பிசைந்த கையோடு போனை எடுத்தேன்.

"எறங்குது மேடம். காலையில பாத்ததுக்கும் இப்பைக்குமே வித்தியாசம் காட்டுது."

ரெண்டு நாளாக மலையில் விடாத மழையாம். கத்தரீனாளை அழைத்தேன். போன முறை நடந்ததற்குப் பிறகு இந்த முறை யார் என் பேச்சைக் கேட்பார்கள்? கெஞ்சத் தயாராக இருந்தேன். அவர் ஏற்கெனவே மேலே ரோட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"சாத்தாத கதவு இன்னைக்குக் கழண்டே விழுந்துருச்சு தாயி. எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டேன். ஏசுரத்தினம் வர மாட்டேன்னான். அவன் பிள்ளையத் தூக்கிட்டு நான் நடந்தேன், பொறத்தாலயே வந்துட்டான்."

அக்டோபர் 20

மத்தியானம் சரிவு இறங்கிவிட்டது. வீடுகள் போயின. ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.

மோகனசுந்தரம் சார் அழைத்தார். எல்லாரும் பத்திரம்தானா என்று கேட்டார். பத்திரம் என்றேன். திரும்பவும் அதையே கேட்டார். பிறகு மலைக் குழுக்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பலகாரம் செய்யவில்லை. பெரியமுத்து கடைக்குப் போய் வாங்கி வந்தார்.

நவம்பர் 6 – வட்டவடை

சரிந்த இடத்தை அளந்து தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நானும் ஜின்சனும் போனோம். கத்தரீனாளின் மண் முழுவதும் கீழே ஏசுரத்தினம் நிலத்தின்மேல் குவிந்து கிடக்கிறது. அதில் அங்கங்கே பச்சையாகக் கேரட் தழை.

"என் எடத்தோட அதிர்த்திக் கோடு மேல இருக்குன்னு நீங்க சொல்லுதிய. என் மண்ணு இங்கன கெடக்கு. இப்ப இந்தக் கேரட்டு யாருக்கு தாயி?"

ஜின்சன் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை, அப்படியே சொன்னேன். ஏசுரத்தினம் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு சாக்கைக் கொண்டுவந்து கத்தரீனாள் காலடியில் போட்டார். அவரே முதலில் குனிந்து பிடுங்க ஆரம்பித்தார்.

கருவியை ஜீப்பில் வைத்துவிட்டு நாங்களும் சேர்ந்துகொண்டோம்.